சாப்பிட்ட கொழுப்பை உடல் எப்படிக் கையாள்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மாவுச்சத்தைக் குறைத்து, கொழுப்பைக் கூட்டி எட்டு மாதமாகச் சாப்பிடுகிறீர்கள். வெறும் வயிற்றில் எடுத்த லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனையில், உணவிலும் உடலிலும் இருக்கும் கொழுப்பின் முக்கிய வடிவமான ட்ரைகிளிசரைடு 140-இலிருந்து 88-க்கு இறங்கியிருக்கிறது. 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் ஹெச்டிஎல் 44-இலிருந்து 55 ஆகியிருக்கிறது. 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் மட்டும் 112-இலிருந்து 168-க்கு ஏறிவிட்டது. "என் உடம்பு கொழுப்பை நன்றாகக் கையாள்கிறதா இல்லையா, அதைக் காட்டும் குறியீடு எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு இருக்கின்றன. சாப்பிட்ட கொழுப்பு சரியாகச் செரித்து, ரத்தத்திலிருந்து நேரத்துக்கு வெளியேறுகிறதா என்பது ஒன்று. அந்தக் கொழுப்பு உங்கள் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்களின் எண்ணிக்கையை என்ன செய்கிறது என்பது மற்றொன்று. முதலாவதில் தேறியவர் இரண்டாவதில் தவறலாம். உங்கள் ரிப்போர்ட்டில் நடந்திருப்பது பெரும்பாலும் அதுதான். நான் பல ஆண்டுகளாக மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இருப்பவன். எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று என்னால் சொல்ல முடியும். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

கொழுப்பு போகும் வழியைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு அப்படிப் போவதில்லை. பித்தநீர் அதைச் சிறு துளிகளாகக் கலைக்கிறது. கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் என்ற நொதி அதைத் துண்டாக்குகிறது. குடல் சுவரின் செல்லுக்குள் நுழைந்ததும் அதே துண்டுகள் மறுபடி ட்ரைகிளிசரைடாகச் சேர்க்கப்பட்டு, அப்போ பி-48 என்ற புரதத்தோடு கைலோமைக்ரான் என்னும் பெரிய துகளாகப் பொதி கட்டப்படுகின்றன. இந்தத் துகள்கள் நிணநீர்க் குழாய் வழியாக மார்புக்கூட்டில் ஏறி, கழுத்தடியில் இடது பக்கச் சிரையில் ரத்தத்தோடு கலக்கின்றன. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்களின் சுவரில் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற வேறொரு நொதி ஒட்டிக்கொண்டிருக்கும். அது துகளுக்குள் இருக்கும் ட்ரைகிளிசரைடை உருவி எடுத்துக்கொள்ளும். எஞ்சிய சக்கையைக் கல்லீரல் இழுத்துக்கொள்ளும். ஆரோக்கியமானவர் உடலில் ஒரு கைலோமைக்ரான் ரத்தத்தில் சுற்றும் நேரம் சில நிமிடங்கள்தான். ஆனால் குடலிலிருந்து புதிய துகள்கள் மணிக்கணக்காக வந்துகொண்டே இருக்கும். அதனால் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு ட்ரைகிளிசரைடு மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்போது பழைய அளவுக்கு வந்துவிடும்.

இப்போது உங்கள் 88-ஐ எடுத்துக்கொள்வோம். டெசிலிட்டருக்கு 88 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 0.88 கிராம். வளர்ந்த ஒருவர் உடலில் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, ஏறக்குறைய 3 லிட்டர் இருக்கும். அப்படியானால் பரிசோதனை எடுத்த காலையில் உங்கள் ரத்தம் முழுவதிலும் இருந்த ட்ரைகிளிசரைடு இரண்டரை கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒரே வேளையில் 60 கிராம் கொழுப்பு சாப்பிட்டால், அந்த இருப்பைப்போல் இருபது மடங்குக்கு மேல் அன்று அதே ரத்தத்தின் வழியாகக் கடந்து போயாக வேண்டும். அது எவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்து கொடுத்த ரத்தத்தில் அந்தக் கடப்பே முடிந்துபோயிருக்கும். சாப்பாட்டின் கொழுப்பு வடிந்த பிறகு அளக்க வேண்டும் என்பதற்காகத்தான் பட்டினியே!

அப்படியானால் வெறும் வயிற்று ட்ரைகிளிசரைடு யாருடையது? பெரும்பாலும் கல்லீரலுடையது. கொழுப்புத் திசுவிலிருந்து வந்து சேரும் கொழுப்பு அமிலங்களையும், மிஞ்சிய மாவுச்சத்திலிருந்து தானே செய்யும் கொழுப்பையும் கல்லீரல் விஎல்டிஎல் என்ற துகள்களில் ஏற்றி ரத்தத்துக்குள் அனுப்புகிறது. மாவுச்சத்து, சர்க்கரை, மது, இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை (இன்சுலின் எதிர்ப்பு), வயிற்றுப் பருமன் இவற்றால் இந்த உற்பத்தி கூடும். இவற்றில் ஒன்றைக் குறைத்தால் இறங்கும். உங்களுக்கு 140 எண்பத்தெட்டானது மாவுச்சத்தைக் குறைத்ததன் விளைவு என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். எடையும் குறைந்திருந்தால் அதற்கும் பங்குண்டு. நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் "கொழுப்பு கூடச் சாப்பிட்டும் ரத்தத்தில் கொழுப்பு குறைந்திருக்கிறது, ஆகவே என் உடம்பு கொழுப்பை எரித்துத் தள்ளுகிறது" என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இந்த ஒரு வாதம் எங்கு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான விடை வேண்டுமென்றால் சாப்பிட்ட பிறகு அளக்க வேண்டும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொழுப்பு மிகுந்த சாப்பாடு முடிந்து நான்கு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி வெளியே எடுத்தால், கீழே சிவப்பணுக்கள் படிந்திருக்கும். மேலே நிற்கும் சீரம் சிலருக்கு வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருக்கும். சிலருக்குப் பால் கலந்த தண்ணீர்போலக் கலங்கியிருக்கும். அப்படிக் கலங்கிய ட்யூபை ஓர் இரவு ஃபிரிட்ஜில் அசையாமல் நிற்க வைத்தால் காலையில் நிலவரம் இன்னும் தெளிவாகத் தெரியும். கைலோமைக்ரான்கள் லேசானவை, மிதந்து மேலே வெள்ளையாக ஓர் ஏடு கட்டும். விஎல்டிஎல் ஏறாமல் திரவம் முழுவதும் கலங்கலாகவே நிற்கும். சாப்பாட்டுக் கொழுப்பையும் கல்லீரல் கொழுப்பையும் பிரித்துக் காட்ட இதைவிட மலிவான சோதனை கிடையாது. கருவிகள் எத்தனையோ வந்த பிறகும், எண் நம்பும்படி இல்லாதபோது நாங்கள் இதைச் செய்து பார்ப்பதுண்டு.

சாப்பாட்டுக்குப் பின் வரும் இந்த ஏற்றம் ரத்தக்குழாய் அடைப்பில் பங்கு வகிக்கலாம் என்று டொனால்ட் சில்வர்ஸ்மிட் என்ற ஆய்வாளர் 1979-லேயே எழுதினார். நாளில் பெரும்பகுதி நேரம் நாம் சாப்பிட்டபின் நிலையில்தான் இருக்கிறோம், பட்டினி நிலை விதிவிலக்கு. அந்தப் பார்வை மெல்ல மெல்ல ஏற்கப்பட்டு, 2016-ல் ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று சாதாரண லிப்பிட் பரிசோதனைக்குப் பட்டினியே தேவையில்லை என்று சொன்னது. வழக்கமான சாப்பாட்டுக்குப் பின் ட்ரைகிளிசரைடு சராசரியாக 26 மில்லிகிராம் அளவே கூடுகிறது என்பதால், சாப்பிட்டபின் எடுத்தால் 175, வெறும் வயிற்றில் 150 என்று எச்சரிக்கைக் கோடு போட்டார்கள். கொழுப்பை வேண்டுமென்றே ஏற்றிப் பார்க்கும் சோதனையும் இருக்கிறது. 2011-ல் ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்த அளவு 75 கிராம் கொழுப்பு, 25 கிராம் மாவுச்சத்து, 10 கிராம் புரதம். சாப்பிட்டு நான்கு மணி நேரம் கழித்து ட்ரைகிளிசரைடு 220-க்கு மேல் போனால் நல்லதல்ல என்றார்கள். வெறும் வயிற்று அளவு 89 முதல் 180 வரை உள்ளவர்களுக்குத்தான் இதனால் பயன், அதற்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெரிய ஏற்றம் அரிது என்பதும் அவர்கள் கருத்து. உங்கள் 88 அந்த எல்லைக்கு ஒரு புள்ளி வெளியே நிற்கிறது. அதனால் உங்களுக்கு இந்தச் சோதனை ஆர்வத்துக்காகச் செய்து பார்க்கலாம் என்ற அளவில்தான்.

இந்த முறையின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். மனிதருக்கு மனிதர் வேறுபாடு மலைக்க வைக்கும். பிரிட்டனில் 1,002 பேருக்கு ஒரே மாதிரி உணவு கொடுத்து அளந்து 2020-ல் வெளியான ஆய்வு ஒன்றில், சாப்பாட்டுக்குப் பின் ட்ரைகிளிசரைடின் ஏற்றத்தில் இருந்த வேறுபாடு சர்க்கரையைவிட அதிகம். அதை விளக்குவதில் ஆராய்ந்த மரபணு மாற்றங்களின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஒரே ஆளுக்கும் நாளுக்கு நாள் மாறும். முந்தைய நாள் மாலை நன்றாக நடந்திருந்தாலோ ஓடியிருந்தாலோ தசையில் லைப்பேஸ் கூடி, மறுநாள் ஏற்றம் குறையும். மது குடித்திருந்தால் கூடும். முந்தைய வேளைச் சாப்பாட்டின் கொழுப்பில் ஒரு பகுதி குடல் சுவரிலேயே தங்கியிருந்து அடுத்த வேளையோடு சேர்ந்து வெளியே வருவதும் உண்டு. வெறும் வயிற்று ட்ரைகிளிசரைடே ஒருவருக்கு இருபது சதவீதம் வரை தானாக ஏறி இறங்கக்கூடியது. ஆகவே ஒரு தடவை எடுத்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு "எனக்குக் கொழுப்பு ஒத்துக்கொள்கிறது" என்று தீர்ப்பு எழுத முடியாது. மரபணு பார்த்து "நீங்கள் கொழுப்பு வகையினர், நீங்கள் மாவுச்சத்து வகையினர்" என்று பிரித்துத் தருவதாகச் சொல்லும் விற்பனைகளை நான் நம்பாததற்கும் காரணம் இதுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது கறாரானது. லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் அல்லது அதற்குத் துணைபோகும் புரதங்கள் பிறவியிலேயே பழுதானால் கைலோமைக்ரான்கள் வெளியேறவே முடியாமல் தேங்கும். பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரக்கூடிய அரிய நோய் அது. வெறும் வயிற்றிலேயே 1,000-ஐத் தாண்டும், கணைய அழற்சி உயிருக்கே ஆபத்தாகும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய், மது, சில மருந்துகள் ஆகியவற்றால் இதே நிலைக்கு வந்து சேர்பவர்கள் அவர்களைவிட மிக அதிகம். வெறும் வயிற்றில் 500-க்கு மேல் இருப்பவர் கொழுப்பு ஏற்றிப் பார்க்கும் சோதனையை விளையாட்டாகக்கூடச் செய்யக் கூடாது. இது உங்களுக்கல்ல, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு.

இனி இரண்டாவது கேள்வி. என் பார்வையில் உங்கள் ரிப்போர்ட்டில் பேச வேண்டிய எண் 168 ஒன்றுதான். எல்டிஎல் நாளுக்கு நாள் சிறிது ஆடும், எட்டு சதவீதம்போல. உங்களுக்கு ஏறியிருப்பது ஐம்பது சதவீதம். ஆட்டத்தில் வந்த பிழை என்று இதைத் தள்ள முடியாது. இதன் இயக்கம் நன்றாகத் தெரிந்த ஒன்று. ரத்தத்திலிருக்கும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்லின் மேல் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்ததற்குத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் இந்த ஏற்பிகளின் வேலை மந்தப்படும், துகள்கள் ரத்தத்திலேயே கூடுதல் நேரம் சுற்றும், எல்டிஎல் ஏறும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், மீன் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுறாக் கொழுப்புக்கு, அதிலும் மூலக்கூறில் பல இரட்டைப் பிணைப்பு உள்ளவற்றுக்கு, எதிர்த்திசை விளைவு. 1965-லேயே ஆன்சல் கீஸும் மார்க் ஹெக்ஸ்டெடும் தனித்தனியாக இதைச் சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். அதன்பின் எத்தனையோ விஷயங்களில் அவர்களோடு சண்டை நடந்திருக்கிறது, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும் என்ற இந்தப் பகுதி நின்றுவிட்டது. ஆக, எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எந்தக் கொழுப்பு என்பதுதான் இங்கே பேசும். சிலருக்கு ஏற்றம் மிதமாக இருக்கும், சிலருக்குத் தாவும். அப்போ இ என்ற புரதத்தின் நான்காம் வகை மரபணு உள்ளவர்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல்.

உங்களுக்கு ஒரு கூடுதல் குறியீடு மட்டும் வாங்கித் தரலாம் என்றால் நான் அப்போ பி என்ற புரதத்தைத் தேர்ந்தெடுப்பேன். காரணம் எளிது. எல்டிஎல், விஎல்டிஎல், அவற்றின் சக்கை என ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழையக்கூடிய ஒவ்வொரு துகளிலும் அப்போ பி சரியாக ஒன்று இருக்கும். அதை அளந்தால் துகள்களின் எண்ணிக்கையையே அளந்த மாதிரி. எல்டிஎல் எண் அந்தத் துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் எடையைத்தான் சொல்கிறது. அதுவும் பல ரிப்போர்ட்டுகளில் நேராக அளந்ததல்ல. மொத்தக் கொலஸ்ட்ராலில் ஹெச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து வருவது. 1972-ல் வந்த ஃபிரீட்வால்ட் கணக்கு அது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. அப்போ பி-க்குப் பட்டினியும் வேண்டியதில்லை. குடலிலிருந்து வரும் பி-48 துகள்களையும் அந்தச் சோதனை சேர்த்தே எண்ணும், ஆனால் மொத்தத்தில் அவை மிகச் சிறு பங்கு என்பதால் சாப்பாட்டால் எண் மாறாது. இதனாலேயே அப்போ பி சாப்பாட்டுக் கொழுப்பு எவ்வளவு விரைவில் வடிகிறது என்பதைச் சொல்லாது. அந்தச் சாப்பாடு உங்கள் கல்லீரல் கணக்கை எப்படி மாற்றியிருக்கிறது என்பதைச் சொல்லும். 2018 அமெரிக்க வழிகாட்டுதலில் 130 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் இதய நோய் அபாயத்தைக் கூட்டும் காரணியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஹெச்டிஎல் 55 ஆனதை வைத்து 168-ஐச் சமன் செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது என்பதுதான் என் பதில். ஹெச்டிஎல் குறைவாக இருப்பவருக்கு ஆபத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் அதை வேண்டுமென்றே ஏற்றினால் ஆபத்து குறையும் என்று நிரூபிக்க எடுத்த முயற்சிகள் கைகொடுக்கவில்லை. டார்செட்ராபிப் என்ற மருந்து ஹெச்டிஎல்லை வெகுவாக ஏற்றியது, ஆனால் மருந்து எடுத்தவர்களிடையே மரணங்கள் கூடியதால் 2006 டிசம்பரில் ஆய்வையே நிறுத்தினார்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை உறுதியானவை. உறுதியில்லாத இடம் ஒன்று உங்களுக்குப் பொருந்தக்கூடும். ஒல்லியான உடல்வாகுடன் மாவுச்சத்தை அறவே குறைத்தவர்களில் சிலருக்கு எல்டிஎல் மிக உயரத்துக்குப் போகிறது, ட்ரைகிளிசரைடும் ஹெச்டிஎல்லும் அழகாக இருக்கின்றன. இவர்களுடைய எல்டிஎல் மட்டும் தீங்கில்லாதது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தைத் தாங்கும் அளவுக்கு நீண்டகால ஆதாரம் இதுவரை இல்லை. மறுபக்கத்தில், எந்தக் காரணத்தால் எல்டிஎல் ஏறினாலும் நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் அடைப்பு கூடுகிறது என்பதற்கு மரபணு ஆய்வு, மருந்து ஆய்வு, மக்கள்தொகை ஆய்வு என மூன்று பக்கமும் ஆதாரம் நிற்கிறது. எனக்கு எந்தப் பக்கம் சாயத் தோன்றுகிறது என்பது புரிந்திருக்கும்.

நீங்கள் பட்டியலிட்ட மற்றச் சோதனைகளைப் பற்றிச் சுருக்கமாக. கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்தளக்கும் சோதனை என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கு ஓரளவு சாட்சி சொல்லும். ஒமேகா-3 அதில் நம்பகமானது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் அதன் சவ்வில் இருக்கும் அளவு கடந்த சில மாதங்களைக் காட்டும். நிறைவுற்ற கொழுப்புக்கு அது பொருந்தாது, ஏனென்றால் கல்லீரலே அதைத் தயாரிக்கும். பால்மிட்டோலெயிக் என்ற கொழுப்பு அமிலம் கூடியிருந்தால் கொழுப்பைவிட மாவுச்சத்தின் பக்கம்தான் விரல் நீளும். கொழுப்பு எரியும்போது கல்லீரல் உண்டாக்கும் பொருள்தான் கீட்டோன்; அதன் அளவு, கல்லீரல் அந்த நேரத்தில் கொழுப்பை எரிக்கிறது என்று சொல்லும், ஆனால் அது நேற்றுச் சாப்பிட்ட கொழுப்பா, இடுப்பில் சேர்த்துவைத்த கொழுப்பா என்று பிரித்துச் சொல்லாது. எல்டிஎல் போன்ற இன்னொரு துகளான எல்பி(ஏ)-யின் அளவு அநேகமாக மரபணு தீர்மானிப்பது. வாழ்நாளில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம், உணவுக்கு அது பதில் சொல்லாது.

கொழுப்பு குடலிலேயே உறிஞ்சப்படாமல் போகிறதோ என்ற உங்கள் சந்தேகத்துக்கு ரத்தம் மறைமுகமாகத்தான் பேசும். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் கொழுப்போடு சேர்ந்தே உறிஞ்சப்படுவதால் அவை பலவும் ஒருசேரக் குறைந்திருந்தாலோ, ரத்தம் உறையும் நேரம் நீண்டிருந்தாலோ ஐயம் வரும். உறுதி செய்வது மலப் பரிசோதனை, குறிப்பாகக் கணையத்தின் எலாஸ்டேஸ் நொதியை அளப்பது. எண்ணெய்ப்பசையாக மிதக்கும் மலம், காரணமில்லாத எடைக்குறைவு எதுவும் இல்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். எல்டிஎல் இப்படி ஏறியிருப்பதும் உறிஞ்சுதல் குறைந்தவரின் அடையாளமல்ல.

உங்கள் இடத்தில் நானிருந்தால் முதலில் அதே ஆய்வகத்தில் எல்டிஎல்லோடு அப்போ பி, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் இரண்டையும் சேர்த்து எடுப்பேன். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும், பழியை உணவின்மேல் போட்டுவிட்டு அதைத் தவறவிடக் கூடாது. பிறகு மொத்தக் கொழுப்பின் அளவை மாற்றாமல், நிறைவுற்ற கொழுப்பில் பெரும்பகுதியை நிறைவுறாக் கொழுப்பாக மாற்றுவேன். வேறு எதையும் தொட மாட்டேன், எடையும் மாறாமல் பார்த்துக்கொள்வேன். எடை இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் எடுத்த லிப்பிட் எண்கள் குழப்பும். உணவு மாற்றத்துக்கு எல்டிஎல் மூன்று நான்கு வாரத்தில் புதிய நிலைக்கு வந்துவிடும் என்பதால் ஆறு வாரம் கழித்து அதே இரண்டையும் மறுபடி எடுப்பேன். தெளிவாக இறங்கினால் எந்தக் கொழுப்பு உங்களுக்கு ஆகவில்லை என்பது தெரிந்துவிடும். இறங்காமலே நின்றாலோ, எந்தத் தடவையாவது எல்டிஎல் 190-ஐத் தொட்டாலோ, பெற்றோர், உடன்பிறந்தவர்களின் எண்களையும், அவர்களில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அந்த விவரத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பரம்பரை உயர் கொலஸ்ட்ராலா என்று அவர் முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.